அம்மனிடம் நான் மாற்றிக் கேட்ட கேள்வி

தை மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் கோழிப்பண்ணையில் ஒரு முட்டை எனக்கு இரண்டாகத் தெரிந்தது. முட்டையை வெளிச்சத்தில் காட்டித் தரம் பிரிப்பதுதான் என் வேலை. ஒரு கண்ணை மூடினால் ஒன்று, திறந்தால் இரண்டு. அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன். பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் எழுதினேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. இடது கண் மூக்குப் பக்கமாகவே நின்றுவிட்டது.

நாமக்கல் கண் மருத்துவர் சேலத்துக்கு அனுப்பினார். அங்கே இரண்டு ஸ்கேன். மண்டை ஓட்டின் அடிப்பகுதியில், கண்ணைத் திருப்பும் நரம்பை அழுத்திக்கொண்டு, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அதற்குள் சுண்ணாம்புப் புள்ளிகள்.

"குருத்தெலும்புக் கட்டியா இருக்கலாம்மா. அதுன்னா ஆபத்தில்லாதது, ரொம்ப அபூர்வம். ஆனா இதே இடத்துல இதே மாதிரி தெரியற கெட்ட கட்டியும் உண்டு. எடுத்துப் பரிசோதிச்சாத்தான் சொல்ல முடியும். தள்ளிப்போட வேண்டாம்," என்றார் அறுவை மருத்துவர்.

'கெட்ட' என்ற சொல் மட்டுமே என் காதில் நின்றது.

எங்கள் வீட்டில் பூ கேட்காமல் பெரிய காரியம் எதுவும் செய்வதில்லை. வெள்ளிக்கிழமை மல்லசமுத்திரத்துக்கு அருகிலுள்ள எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். பூசாரி வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

"ஆபரேசன் பண்ணலாமான்னு கேளு சாமி," என்றார் என் மாமியார் என்னிடம்.

கேள்வியை வாய்விட்டுச் சொல்லும் வழக்கமில்லை. கண்ணை மூடினேன். பயம் முந்திக்கொண்டது. 'ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா தாயே?' என்று மனதுக்குள் கேட்டுவிட்டேன்.

பூசாரி ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தார். வெள்ளை வந்தது.

"உத்தரவு குடுத்துட்டா எங்காத்தா!" என்று மாமியார் அழுதே விட்டார். என் கணவர் கோயில் வாசலில் நின்றே மருத்துவமனைக்குப் போன் செய்து நாள் வாங்கினார். எனக்குக் கிடைத்த சம்மதம் தள்ளிப்போடத்தான் என்பதைச் சொல்லாமல், பூவை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஐந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மன் சொல்லை மீறிப் போனால் பிழைக்க மாட்டேன் என்று நம்பினேன். உண்மையைச் சொன்னாலோ அறுவை நின்றுபோகும், கண்ணும் நேராகாது. மருத்துவமனையில் சேர்ந்த காலை, கணவரிடம் சொல்லிவிட்டேன்.

 அவர் சிரித்தார்.

"ஏம்புள்ள, அங்க நீ ஒருத்தியா நின்னே? நானும் எங்கம்மாளும் பண்ணலாமான்னுதான் கேட்டுட்டு நின்னோம். எங்க ரெண்டு பேருக்குக் குடுத்த பூவா, பயந்தாங்கொள்ளி உனக்குக் குடுத்த பூவா?"

"அது எப்புடிங்க தெரியும்?"

"தெரியாது. இப்பவாச்சும் நேராக் கேளு."

அங்கே பூ இல்லை, பூசாரி இல்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: 'தாயே, மாற்றிக் கேட்டது என் தப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்டும் கையை நீ பிடித்துக்கொள்.' அன்றுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியது.

மூக்கு வழியாகவே அறுவை செய்தார்கள். ஆறு மணி நேரம். ஒன்பதாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. வெறும் குருத்தெலும்பு. கெட்டது எதுவும் இல்லை. முழுவதும் எடுத்தாயிற்று. கதிர்வீச்சு வேண்டாம், ஆண்டுக்கு ஒரு ஸ்கேன் போதும் என்றார்கள். மூன்று மாதத்தில் கண் நேரானது.

போன வாரம்தான் மாமியாரிடம் உண்மையைச் சொன்னேன். "அடிப்பாவி!" என்று அரை நாள் பேசவில்லை. சாயங்காலம் வந்து, "இனிமே நீ எங்க கேட்டாலும் நானும் பக்கத்துல நிப்பனாக்கும்," என்றார்.

அன்பர்களே, பயமாக இருந்தால் அதையே தெய்வத்திடம் சொல்லுங்கள். மருத்துவர் சொல்வதையும் தட்டாதீர்கள். உங்களால் நேராகக் கேட்க முடியாத நாளில், உங்களுக்காகக் கேட்கும் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றியது நான் கேட்காத பிரார்த்தனை.