பதின்மூன்றாம் திகதிக்குப் பிறகு

கமலராணி உடையார்கட்டுக்காரி. ஆறு பிள்ளைகளில் கடைசி. அவளுக்கு நேர் மூத்தவர் கனகலிங்கம். அவர் கண்மூடுவதற்கு முந்தின மாதம் தபாலில் அனுப்பிய ஏழு புடலை விதைகள்தான் அண்ணையின் பேரில் அவளிடம் மிஞ்சிய பொருள். இப்போது கடல் கடந்து வந்து, லா சப்பல் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் மரக்கறி வெட்டுகிறாள். ரயிலில் போகும் தூரத்தில், செவ்ரானில் கட்டில் அகலத்துக்கு ஒரு தோட்டத் துண்டு எடுத்திருந்தாள்.

முதல் வருஷம் அவள் முளைக்கவைத்த நாலு கன்றுகளைப் புருஷன் வல்லிபுரம் சித்திரை வருடப்பிறப்பன்று, பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்கே நட்டார். ஊரில் அது சரி. இங்கே பத்தாம் நாள் விடியப் பெய்த உறைபனி நாலையும் அவித்த கீரையாக்கிப் போட்டது. பக்கத்துத் துண்டு அலெக்சிஸ் கிழவர் விரல் மடித்துச் சொன்னார்: மே பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று மூன்று புனிதர்களின் நாட்கள், அவர்கள் போனபிறகுதான் பனியும் போகும் என்று.

அதனால் இந்த வருஷம் மிஞ்சிய மூன்று விதைகளையும் தயிர்க் கோப்பைகளில் இட்டு, குசினி யன்னலில் வளர்த்தாள். மே பிறந்ததும் வெயில் கொளுத்தியது. கொடிகள் யன்னல் சீலையைப் பிடித்து ஏறின.

"பிள்ளையளுக்கு இன்னும் விசா வரேல்லையோ?" என்றார் வல்லிபுரம், கொடிகளைக் காட்டி.

பத்தாம் திகதி பின்னேரம் அவள் வேலையால் வரும்போது யன்னல் வெறுமையாக இருந்தது. நாள் நல்லது, காலமையே கொண்டுபோய் நட்டுவிட்டேன் என்றார். அவள் வானத்தைப் பார்த்தாள், ஒரு முகில் இல்லை; இரவு பனி இறங்கும். திரும்பக் கடைக்கு நடந்து, பழைய அண்டா இரண்டு கேட்டு வாங்கி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, நட்ட கைதான் மூடவும் வேணும். வெளிக்கிடுங்கோ."

ரயிலில் ஆளுக்கொரு அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு கன்றுகளை அண்டாவால் கவிழ்த்து, மேலே பழைய கம்பளி போர்த்தினாள். மூன்றாவதற்கு வல்லிபுரம் பொலித்தீன் பை கட்டினார்.

விடிய முதல் ரயிலில் போய்ப் பார்த்தார்கள். புல்லெல்லாம் வெள்ளை. அண்டாவுக்குள் இரண்டும் பச்சையாக நின்றன. பைக்குள் இருந்தது கறுத்துப்போயிருந்தது. அதை வல்லிபுரமே பிடுங்கிக் குப்பைக் குழியில் போட்டார்.

ஆவணியில் முதல் காய் முழங்கை நீளம் தொங்கியது. பால்கறிக்கு ஏற்றது என்று அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அவள் அதை விதைக்கு விட்டுவிட்டாள்.

அடுத்த சித்திரையில் புதுப் பஞ்சாங்கத்தை விரித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார் வல்லிபுரம். அவள் வெங்காயம் உரித்தபடியே கேட்டாள்:

"மே பதின்மூண்டுக்குப் பிறகு நல்ல நேரம் ஏதும் கிடக்கோ?"

"ஓம், அதைத்தான் பாக்கிறன்," என்றார்.