ரத்த உறவில் ஒருவர்

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வக்கீல் ஆபீசிலிருந்து போன் வந்தபோது பனியன் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றிருந்தேன். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்காரருடைய நீலச் சட்டை, வேட்டி எடுத்தேன். தக்காளிச் சோறு கட்டினேன். சப்ஜெயில் வாசலில் போய் நின்றேன்.

சாயங்காலம் ஆயிற்று. கேட்டில் இருந்த போலீஸ்காரர் கேட்டார்.

“யாருக்குங்க நிக்கறீங்க?”

“எங்க வீட்டுக்காரருக்கு. ஜாமீன் ஆயிருச்சு.”

“பேப்பர் வந்துச்சுங்களா?”

“என்ன பேப்பர்?”

அவர் சிரித்தார். “கையெழுத்துப் போட ஆள் வேணுமுங்க. வக்கீலைக் கேளுங்க. சோத்தை நீங்களே சாப்பிட்டுப் போடுங்க.”

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் பவர்டேபிள் டெய்லர், மோட்டார் மெஷினில் பனியன் தைப்பவர். ஒரு பீஸுக்கு இவ்வளவு கூலி என்கிற பீஸ் ரேட் தகராறில் கான்ட்ராக்டரின் ஆளை ஸ்டூலால் அடித்தார். அந்த ஆளுக்குக் கை எலும்பு முறிந்தது. அடித்தது உண்மை. பொய் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் வக்கீலின் குமாஸ்தாதான் எனக்கு விளங்க வைத்தார்.

“சின்னக் கேசுன்னா ஸ்டேஷன்லயே எழுதி வாங்கிட்டு உட்டுருவாங்க. அது ஸ்டேஷன் ஜாமீன். புடிக்கறதுக்கு முன்னாலயே வாங்கறது முன்ஜாமீன். சில பேருக்கு அவங்க கையெழுத்தே போதும், அது சொந்த ஜாமீன். உம்பட ஊட்டுக்காரருக்கு ஆள் ஜாமீன். ரெண்டு பேர் வரோணும். சொந்த ஊடு, வரி ரசீது இருக்கோணும். ஆளுக்குப் பத்தாயிரம்னு போட்டிருக்குது.”

“அவ்வளவு பணம் இல்லைங்கய்யா.”

“இப்பக் கட்ட வேண்டாம் கண்ணு. அவரு ஓடிப்போனாத்தான் அது.”

எங்கள் லைன் வீட்டில் பன்னிரண்டு குடும்பம். தேனி, சிவகங்கை, ஒரிசா என்று பிழைக்க வந்தவர்கள். கூப்பிட்டால் எல்லோரும் வருவார்கள். சொந்த வீடு ஒருவருக்கும் இல்லை. வரி ரசீது வீட்டு ஓனரம்மாவிடம்தான் இருந்தது. அந்தம்மாவைக் கேட்டேன்.

“உம்பட புருசன் ஓடுனா உன்னையப் புடிச்சு ஊட்டுக்குள்ள போட்டுப் பூட்டிருவேன், பாத்துக்க” என்றார். ஆனால் வருகிறேன் என்றார்.

குமாஸ்தாவிடம் போய்ச் சொன்னேன்.

“ஒண்ணு ஆச்சு. இன்னொருத்தரு ரத்த சொந்தமா இருக்கோணும்னு ஆர்டர்ல இருக்குது.”

“நான் போடுறேன்.”

“நீ பொண்டாட்டி. ரத்தம் இல்லையே கண்ணு.”

“எட்டு வருசம் ஆச்சுங்க.”

“எம்பது ஆனாலும் அப்படித்தான்.”

என் வீட்டுக்காரருக்கு அப்பா அம்மா இல்லை. பொங்கலூர்ப் பக்கம் அண்ணன் ஒருவர். எங்கள் கல்யாணத்தன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல் வரை வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர். நான் வேறு ஜாதி. அதற்குப் பிறகு பேச்சில்லை.

பஸ் ஏறிப் போனேன். அண்ணன் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

“சொல்லுங்க, என்ன சமாச்சாரமுங்க?” என்றார் அண்ணன்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வெளியாளிடம் பேசுகிற மரியாதையில் கேட்டார். கேஸைச் சொன்னேன். தீவனம் முழுவதையும் போட்டுவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

“வாறனுங்க. அவன் கோர்ட்டுக்கு வராம ஓடிட்டா எம்பட தலையிலதான் உழுகும். அதனால கேசு முடியற வரைக்கும் இங்கதான் இருக்கோணும். எம்பட கண்ணு முன்னால.”

“நானும் வந்து இருக்கலாங்களா?”

“அது சரிப்படாதுங்க.”

ஜெயிலுக்குள் என் வீட்டுக்காரருக்கு அன்று பதினெட்டாவது நாள். சரி என்றேன். யோசிக்கவில்லை.

கோர்ட்டில் ஜட்ஜ், “அவர் உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

“கூடப் பொறந்தவனுங்க” என்றார் அண்ணன். அப்புறம் ஓனரம்மா. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் பேப்பர் ஜெயிலுக்குப் போனது. அவர் தாடியோடு வெளியே வந்தார். நீலச் சட்டையைக் கொடுத்தேன். அது தொளதொள என்று இருந்தது. தள்ளி, அண்ணன் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார்.

“அண்ணனா வந்தாரு?”

“ஆமா. கேஸ் முடியிற வரைக்கும் அவர்கூட இருக்கணுமாம்.”

“நீ?”

“எனக்கு நாளைக்கு ஷிப்ட் இருக்கு.”

நான் கட்டி வந்த சோற்று டப்பாவை வாங்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினார்.

பத்து மாதமாகிறது. போனில் பேசுவார். பின்னால் மாடு கத்தும். வாய்தா நாளில் லீவு சொல்லிவிட்டுச் சோறு கட்டிப் போவேன். கோர்ட் வராண்டாவில் இருவரும் சாப்பிடுவோம். அந்த அரை மணி நேரம் அண்ணன் டீக்கடைக்குப் போய்விடுவார். போகும்போது, “சாப்பிடுங்க” என்பார்.

போன வாய்தாவுக்கு ஜட்ஜ் லீவு. அடுத்த தேதி சொல்லிப் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்குப் பால் கறக்கும் நேரம், என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். டப்பாவைத் திறக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு பேர் சோறு. மீந்துவிட்டது.