அக்காவின் வயிற்றில் ஒரு வாய்

நர்ஸ் துணியை விலக்கியபோது அதைக் காயம் என்றுதான் நினைத்தேன். தொப்புளுக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே, சிவப்பாக ஈரமாக ஏதோ ஒன்று வயிற்றுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கன்னத்தின் உட்புறத்துக்கு இருக்குமே, அந்த நிறம், அந்தப் பளபளப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது. அக்கா கண்ணை மூடி அசையாமல் படுத்திருந்தாள். அது மட்டும் அசைந்தது.

"இதாங்க உங்க அக்காவோட சிறுகுடல். பயப்படாதீங்க, இது தன்னால அசையும்," என்றார் நர்ஸ்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். காது அடைத்தது. கண் தெளிந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ என் முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

அக்காவும் மாமாவும் கம்பைநல்லூர் பக்கம் தக்காளியும் மஞ்சளும் பயிர் வைத்துப் பிழைப்பவர்கள். நான் அரூரில் ஜாக்கெட் தைக்கிறேன். அந்த வருஷம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து விட்டு விட்டு அடித்தது. தக்காளி பறிப்பு நேரம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு தக்காளிக் கொல்லைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்று வரப்பிலேயே சுருண்டுவிட்டாள். வாயுப்பிடிப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஓமத்தண்ணீர் கொடுத்தோம், சோடா கொடுத்தோம். மத்தியானத்துக்குள் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. தொட்டால் துடித்தாள். வாடகைக் காரில் தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றில் கை வைத்த உடனே திரும்பி, ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார்.

"டைபாய்டு," என்றார், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து. "சிறுகுடலோட கடைசிப் பக்கம் புண்ணாகி ஓட்டை விழுந்திருக்கு. உள்ள போற சாப்பாடு, மலம் எல்லாம் வயித்துக்குள்ள சிந்திக் கிடந்துச்சு. கெட்ட பாகத்தை எடுத்துட்டோம். இப்பவே சேர்த்துத் தச்சா தையல் நிக்காது. அதான் குடலை வெளிய எடுத்து வச்சிருக்கோம். சில மாசம் போகட்டும், திரும்ப உள்ள வச்சுச் சேர்த்துடலாம்."

"அதுவரைக்கும் எப்பிடிங்க வெளிய போவா?" என்று மாமா கேட்டார்.

"வயித்து வழியாத்தான். பை ஒட்டிடுவோம்."

மாமா படியிறங்கிப் போய்விட்டார்.

அக்கா வீடு திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு நான் போனேன். பையின் ஒட்டும் பக்கத்தில், குடல் வாய் அளவுக்குச் சரியாக ஓட்டை வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கை என்பதால் அது எனக்கு வந்தது. குடலைத் துடைப்பதுதான் வரவில்லை. முதல் தடவை ஈரத்துணியை வைத்தபோது அக்கா கத்தப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வைக்கிறயா இல்லியா?" என்றாள்.

"வச்சுட்டேங்க்கா."

"ஒன்னும் தெரியலியேடி."

கிள்ளினாலும் வெட்டினாலும் குடலுக்கு வலிக்காது, இழுத்தாலும் உப்பினாலும்தான் வலிக்கும் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். அவள் உடம்பின் பாகம் என் கையில் இருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா சாப்பிட ஆரம்பித்ததும் வேறு அதிர்ச்சி. அவள் ஒரு வாய் சோற்றை எடுத்து வைத்ததும் பைக்குள் இருந்த குடல் விழித்துக்கொண்டதுபோல் நெளியும். அந்தச் சோறு அப்போது தொண்டையைக்கூடத் தாண்டியிருக்காது. முந்தின வேளை சாப்பிட்டது கீழே நகர்ந்து வரும். பச்சையும் மஞ்சளுமாக, கஞ்சி மாதிரி. அதில் தக்காளித் தோல் அப்படியே சுருண்டு மிதக்கும். கீரைத்தண்டு, சரியாக மெல்லாத கடலைப் பருப்பு எல்லாம் முழுசாக வரும். இட்லி மட்டும் இருந்த இடம் தெரியாமல் கரைந்திருக்கும். காலையில் நான் சமைத்ததைச் சாயங்காலம் நானே பையிலிருந்து கொட்டினேன். எது உடம்பில் சேர்ந்தது, எது சேராமல் போனது என்று பார்க்கப் பார்க்க, இத்தனை நாளும் சாப்பாடு எங்கே போகிறது என்று ஒரு தடவைகூட நினைக்காமல் சமைத்திருக்கிறேனே என்று இருந்தது.

ஒரு வாரத்தில் குடல் வாயின் வீக்கம் வற்றிச் சிறுத்துவிட்டது. நான் பழைய அளவுக்கே வெட்டிக்கொண்டிருந்தேன். இடைவெளியில் கசிவு இறங்கியது. பையைப் பிரித்தால் சுற்றிலும் தோல் சுட்ட மாதிரி செக்கச்செவேல் என்று, அங்கங்கே உரிந்து கிடந்தது. அக்காவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"இது நெருப்புப் புண் இல்ல. குடல்ல வர்ற சாறு சோத்தை மட்டுமா செரிக்கும்? தோல் மேல பட்டா தோலையும் செரிக்கும்," என்றார் டாக்டரம்மா.

"அப்ப குடலை மட்டும் ஏங்க ஒன்னும் பண்ணல?"

"அது மேல வழுவழுன்னு ஒரு பூச்சு இருக்குதில்ல, அது காப்பாத்துது. உள்தோலும் சில நாளைக்கு ஒருக்கா புதுசா வளர்ந்துக்கும். உங்க வயித்துக்குள்ளயும் இப்ப அதுதான் நடக்குது."

என் கை தானாக என் வயிற்றுக்குப் போனது. அக்காவும் அதைப் பார்த்தாள்.

பங்குனி வெயில் ஏறிய பிறகுதான் உண்மையிலேயே பயந்துபோனோம். அக்காவுக்கு ஓயாமல் தாகம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது. கண் குழிக்குள் போய்விட்டது. சிறுநீர் இறங்கவில்லை. கெண்டைக்கால் சதை முடிச்சு முடிச்சாக இழுத்துக்கொண்டது. கடைசியில் எழுந்து நிற்கப் போனவள் அடுப்படியில் சரிந்து விழுந்தாள். இத்தனை தண்ணீர் குடித்தும் ஒருத்தி வறண்டுபோக முடியும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலும்தான் நமக்குத் தண்ணீரையும் உப்பையும் இழுத்துக் கொடுக்கின்றன, அக்காவுக்கு அந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. வெறும் தண்ணீர் போகும்போது உப்பையும் அடித்துக்கொண்டு போய்விடுமாம். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த பாக்கெட் பொடியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால்தான் நிற்குமாம். மாமா அந்தப் பொடிப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா அதுவரை அக்காவின் வயிற்றைப் பார்த்ததே இல்லை. பை மாற்றும் நேரம் தெரிந்தால் கொல்லைக்கு நழுவிவிடுவார். அக்காவும் சேலையை இழுத்து மூடிக்கொள்வாள். ஒரு முகூர்த்தத்துக்கென்று ஏற்கெனவே தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்க நான் அரூர் போயிருந்த நாளில் பை பிய்ந்து சேலையெல்லாம் நனைந்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது புதுப் பை ஒட்டியிருந்தது. ஓட்டை கோணல்மாணலாக இருந்தது, ஆனால் கசியவில்லை.

"யாருக்கா ஒட்னது?"

"உங்க மாமாதான்."

"பாத்துட்டாரா?"

"வாந்தி எடுத்துட்டு வந்து ஒட்னாரு. பொறவு குந்திக்கினு அது அசையறதையே பாத்துக்கினு இருந்தாரு. எழுந்து போன்னா போவல."

ஆடி மாசம் குடலை உள்ளே வைத்துச் சேர்த்தார்கள். இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். ஆனால் கைபட்ட குடல் மரத்துப்போய்ப் படுத்துவிடுமாம். அது எழுந்து வேலையைத் தொடங்கினால்தான் பச்சைத் தண்ணீர்கூட. டாக்டரம்மா வரும்போதெல்லாம் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார். "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்பார். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். பக்கத்துக் கட்டில் அம்மா விசாரித்தார். தரை துடைக்க வந்தவர் விசாரித்தார். வார்டு முழுக்க அதற்காகக் காத்திருந்தது. வயிறு உப்பிக்கொண்டே போனது. தையல் விட்டிருக்குமோ, திரும்பவும் கிழிப்பார்களோ என்று டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அக்கா கையசைத்துக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"போச்சுடி," என்றாள் காதுக்குள்.

வெளியே ஓடி வராந்தாவில் மாமாவிடம் சொன்னேன். அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில், துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அவர் தோள் குலுங்க அழுதார். ஆபரேஷன் அன்றுகூட அழாத மனுஷன்.

சும்மா கிடந்த பெருங்குடல் வேலைக்குத் திரும்பச் சில வாரம் பிடித்தது. கொல்லைப்புறத்துக்கும் கட்டிலுக்குமாக அக்கா நடந்தபடியே இருந்தாள். அதுவும் அடங்கியது. சாப்பாட்டில் எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, கேழ்வரகுக் களி கிண்டிக் கீரை கடைந்து வைத்தேன். அக்கா உருட்டி வாயில் போட்டாள். மாமாவும் நானும் எதிரே உட்கார்ந்து அவள் தொண்டையையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னாத்த அப்பிடிப் பாக்கறீங்க?" என்றாள். "திங்க வுடுங்க."