கண்ணாடியில் ஒட்டிய மொச்சை

புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்வது மூட்டையில் ஆரம்பித்துச் சொட்டில் முடிகிற தொழில். ஆய்வுக்கூடத்து ஐஸ் வாளிக்குள் கைவிட்டு விரல் மரத்துப்போன உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில், கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில், காட்டு மொச்சையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து டாக்டர் பட்டம் வாங்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

கொட்டுகிற தண்ணீர்

மொச்சைக்குக் கல்வராயன் மலைக்குத்தான் போக வேண்டும். மேலே அதை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து மறுபடி கொட்டி, அப்புறம்தான் வேகவைப்பார்கள். இல்லாவிட்டால் வயிறு தாங்காது. எனக்கு வேண்டிய புரதம் அந்தத் தண்ணீரில்தான் இறங்கும். விதை விற்ற பொன்னம்மாளிடம் இதைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நாங்க வாசல்ல கொட்டறத எடுத்துக்கினு போயி நீ பட்டம் வாங்கப் போறியா? அப்ப எங்கூட்டு வாசலுக்கு எத்தினி பட்டம் குடுக்கணும்?"

ஒழுகுகிற கை

அரைத்து, உப்புப் போட்டுத் திரளவைத்து, பிசின் நிரப்பிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினால், கடைசியில் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதை நீர்க்கவைத்து ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து அடுத்ததற்கு மாற்ற மாற்ற, புரதம் குறைந்துகொண்டே வந்தது. நான் சிந்தவில்லை. "கோட்டாவுல வந்த கை, ஒழுகத்தான் செய்யும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார் என் வழிகாட்டிப் பேராசிரியர்.

அன்று அழுதுகொண்டே காலிக் குழாய்களைச் சோப்புக் கரைசலில் அலசி அளந்து பார்த்தேன். காணாமல் போனதில் பெரும்பகுதி அங்கே இருந்தது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஒட்டுகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே என் ஆய்வானது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் அளவுகளைப் பார்த்தார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, எங்கயோ போகுதுன்னு!"

ஐஸ் கடை

ஒட்டிய படலத்தின் தடிமனை ஒளியால் அளக்கும் கருவி சென்னையில் இருந்தது. கெஞ்சியதில் ஒரே ஒரு நாள் ஒதுக்கினார்கள். அந்த அளவு இல்லாவிட்டால் ஆய்வேடு இல்லை. குளிர் போனால் புரதம் கெட்டுவிடும் என்பதால், குழாய்களை வாய் அகன்ற பிளாஸ்கில் வைத்துக்கொண்டு கடைவீதி ஐஸ் கடை பாயிடம் போனேன். அவர் கட்டியை உடைத்துச் சுற்றிலும் இறுக்கிக் கொடுத்தார். ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வெறும் தண்ணியாட்டம் கீதேம்மா. இதுக்கு நீங்க படற பாடு ரொம்ப ஜாஸ்திங்க."

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால்

ரோட்டின் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரம். பஸ் நின்றுவிட்டது. மறித்தவர்கள் என் சாதிக்காரர்கள். அவர்கள் கேட்ட தனி ஒதுக்கீடு எனக்கும் சேர்த்துத்தான். வெயிலில் கிடந்தவர்களில் ஒருவர் மயங்கிப்போனார். "பிளாஸ்க்ல இன்னாம்மா, ஐஸா? குடும்மா, ஆளு போயிடுவான்" என்று ஒருவர் ஓடிவந்தார். குழாய்களைப் பார்த்தேன். வெளுத்திருந்த அந்த உதட்டைப் பார்த்தேன். ஐஸ் முழுவதையும் அள்ளிக் கொடுத்தேன். கண் திறந்ததும் நான் யாரென்று அவர் விசாரித்தார். நம்ம சனம்தான், காலேஜில் படிக்கிறேன் என்றேன். தலையிலிருந்து தண்ணீர் வழிய, என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"நல்லா படிம்மா. உனக்காவத்தான் இப்பிடி ரோட்டுல கெடக்கறோம்."

பட்டம்

மறுநாளும் மரம் அங்கேயே கிடந்தது. குழாய்களில் இருந்தது பால்போலக் கலங்கி நாறியது. எனக்கு ஒதுக்கிய நாளும் போய்விட்டது. சென்னையில் பேசி இன்னொரு நாள் வாங்கித் தாருங்கள் என்று பேராசிரியரிடம் நின்றேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உங்க ஆளுங்கதானே மறிச்சாங்க? பட்டத்தையும் அவங்ககிட்டயே வாங்கிக்க."

சங்கராபுரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோதனைக் குழாய் கழுவச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றேன். எவ்வளவு அலசினாலும் கண்ணாடியில் கொஞ்சம் ஒட்டியேதான் இருக்கும் என்பதை மட்டும் அவர்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.