நான் தைத்த நீலக் கால்சட்டை

"இதை உடுத்தச் சொன்னது யார்?" என்று பிரின்சிபால் அம்மா கேட்டபோது மேஜைமேல் ஒரு நீலக் கால்சட்டை கிடந்தது. முழங்காலுக்குக் கீழே இறங்கும், தொளதொளத்த கால்சட்டை. ஒரு பக்கம் என் அப்பா நின்றார். எதிரே எங்கள் டிரில் டீச்சர். அதைத் தைத்தவள் நான்.

நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் படித்த காலம். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. டீச்சர் வந்த பிறகுதான் கூடைப்பந்து என்ற ஒன்றையே கண்டோம். மைதானத்து முள்ளைத் தன் கையால் வெட்டி, இரண்டு தென்னந்தடிகளை நட்டு, கொல்லனிடம் சொல்லி இரும்பு வளையம் அடித்துப் பூட்டினார். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த தாயாருக்கு அவர் சம்பளம்தான் கஞ்சியும் மருந்தும். வாயில் அன்பாக ஒரு சொல் வராது. பந்து நழுவினால், "ஏட்டி, கையில என்ன வெண்ணெயா?" என்பார். தாவணி காலில் சுற்றி ஒருத்தி விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட பிறகு, கால்சட்டை தைக்கலாம் என்று சொன்னதே நான்தான். டீச்சர் தயங்கினார். "வீட்டில கேட்டியா?" என்றார். கேட்டேன் என்று பொய் சொல்லி, எட்டுப் பேருக்கும் விடுதித் தையல் மிஷினில் தைத்தேன்.

அந்த உடுப்போடு திருவனந்தபுரத்துக்குப் போட்டிக்குப் போனோம். கடைசி ஆட்டத்தில் ஒருத்தியின் முழங்கை மூக்கில் பட்டு நான் அழுதுவிட்டேன். டீச்சர் என்னை வெளியே இழுத்து, கூட்டத்துக்கே கேட்கும்படி, "அழுகிறவளை வச்சு ஆட முடியாது" என்றார். நான் இல்லாமலே ஜெயித்தார்கள். கோப்பையோடு எடுத்த படம் பத்திரிகையில் வந்து, எங்கள் ஊர்ச் சாயாக்கடையில் கைமாறி அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது.

"கல்யாணம் கழியாதவளுக்குப் பிள்ளை பெத்தவன் மானம் தெரியுமா?" என்று அப்பா அந்த அறையில் கத்தினார். டீச்சர் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. உண்மையைச் சொல்வேன் என்று நம்பிய பார்வை.

"டீச்சர்தான். உடுக்கலேன்னா டீமில சேக்க மாட்டேன்னு சொன்னாவ" என்றேன்.

அப்பாவுக்குப் பயந்து சொன்னதாக வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். மீதியைச் சொன்னவள், மூக்கில் ரத்தம் வழிய வெளியே உட்காரவைக்கப்பட்டவள். மற்ற ஏழு பேரும் ஒவ்வொருத்தியாக வந்து அதையே சொன்னார்கள். டீச்சர் எதையும் மறுக்கவில்லை. போகும்போது என் அருகில் நின்று, "தையல் நல்லா இருக்கு மக்கா" என்றார். அந்த வாரமே வேலை போயிற்று. தென்னந்தடிகளைப் பிடுங்கி விடுதி அடுப்புக்கு வெட்டினார்கள்.

எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம். எனக்குக் கல்யாணமாகி அருமனையில் இருந்தேன். பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப்போனேன். தலை பாதி நரைத்திருந்தது. வேலை போன வருஷமே தாயார் போய்விட்டார், மருந்துக்கு வழியில்லை என்று, யார் வீட்டு விஷயத்தையோ சொல்வதுபோலச் சொன்னார். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"நான் மன்னிச்சா உனக்கு உறக்கம் வரும். அதுக்குத்தானே வந்தே?" குரல் உயரவே இல்லை. "மன்னிக்கல்ல. பஸ் வரும், போ."

போன மாதம் அந்தக் கல்லூரியில் விழா. முதல் கூடைப்பந்து அணியில் உயிரோடு மிஞ்சியவள் என்று என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு மாணவி ஒலிபெருக்கியை நீட்டி, "உங்களுக்கு யாரம்மா பயிற்சி கொடுத்தது?" என்று கேட்டாள். டீச்சரின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"நாங்களே பழகினோம்" என்றேன்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.