மேர்சியின் மெட்டு

குருநகரில் புதுப் படகு இறங்கினால் அதன் முன்பக்கத்தில் பெயர் எழுதச் சிமியோனைத்தான் கூப்பிடுவார்கள். கல்லறைச் சிலுவைகளுக்கும் அவர்தான். அறுபத்தெட்டு வயதிலும் கை நடுங்காது. தூரிகையை எடுக்குமுன் பெயரை மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். ஓர் ஒற்று விடுபட்டாலும், படகுக்காரன் முகத்தைச் சுளித்தாலும், அழித்துத் திரும்ப எழுதுவார். இப்படிச் சொற்களோடு கிடந்த மனிதர் பங்குக் கோயிலுக்கு முப்பது வருடமாகப் பாட்டும் எழுதிக் கொடுத்தார். திருநாளுக்கு அச்சடிக்கிற பாட்டுத்தாளில் ‘ஆக்கம்: சிமியோன்’ என்று இருக்கும்.

மெட்டுகள் அவருடையவை அல்ல. எல்லாம் மனைவி மேர்சி போட்டவை.

மேர்சி கிணற்றடியில் நண்டு உடைத்துக்கொண்டிருப்பாள். அவர் கொப்பியோடு பக்கத்தில் மர வாங்கில் உட்கார்ந்து வரியை வாசிப்பார். அவள் தலை நிமிராமல், “இது நீளம். ஒரு சொல்லைக் கழட்டுங்கோ” என்பாள். பிறகு வாய் திறக்காமல் ராகம் இழுப்பாள். இரண்டு தரம் இழுத்தால் வரி அதற்குள் போய் இருந்துவிடும். பாடகர் குழுவுக்கு முன்னால் சிமியோன் அதைப் பாடிக் காட்டுவார். மேர்சியின் பெயரையும் போடுங்கள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

குசினியில் சமைக்கும்போது அவள் சொல்லே இல்லாமல் ஏதாவது இழுத்துக்கொண்டிருப்பாள்.

“என்ன பாட்டு உது?”

“பாட்டில்லை. சும்மா.”

“சொல்லில்லாமல் என்னத்தைப் படிக்கிறாய்? கேக்கிறவனுக்கு என்ன விளங்கும்?”

“விளங்க என்ன கிடக்கு? கேளுங்கோவன்.”

அவர் கேட்டுப் பார்ப்பார். ஒன்றும் நிற்காது. ஒரு மெட்டை ஞாபகம் வைக்க அவருக்கு அதன் மேல் சொல் வேண்டும். சொல் இல்லாதது அடுத்த நிமிடமே நழுவிவிடும். இதை ஒரு குறையென்று அவர் நினைத்ததில்லை. கவிதை தெரிந்த மனிதன் அப்படித்தான் இருப்பான் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன வருடம் தவக்காலத்தில் ஒரு விடியற்காலை, மேர்சி கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது வாளி கையை விட்டுப் போனது. சத்தம் கேட்டு ஓடிவந்த சிமியோனிடம் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வந்தது பேச்சாக இல்லை. வலது பக்க உதடு கீழே இறங்கியிருந்தது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று கிழமை கழித்து அவள் பொல்லுப் பிடித்து நடந்து வீட்டுக்கு வந்தாள். பேச்சு வரவில்லை. சொல்வது அவளுக்கு விளங்கும். பதில் சொல்ல முயன்றால் “தே… தே…” என்று வரும். அதைத் தன் காதாலேயே கேட்டு வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த கஜானி என்ற பிள்ளைதான் ஒரு வழியைச் சொன்னாள்.

“ஐயா, சில பேருக்குக் கதை வராது, பாட்டு வரும். பாட்டோடை சொல்லும் ஒட்டிக்கொண்டு வரும். அம்மாவுக்குப் பழக்கமான பாட்டுகளைப் படிச்சுக் காட்டுங்கோ. வருமெண்டு நான் உறுதி சொல்லமாட்டன்.”

கடைசி வசனத்தைச் சிமியோன் காதில் எடுக்கவில்லை. அன்றைக்கே பெட்டிக்குள் கிடந்த பாட்டுத்தாள்களையெல்லாம் எடுத்து வருட வாரியாக அடுக்கினார். ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக்குப் பிறகு அவளை எதிரில் இருத்திப் பாடினார். முதல் நாளே மேர்சி கூட இழுத்தாள். சுருதி ஒரு இழையும் பிசகவில்லை. சிமியோனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாரிஸில் இருக்கும் மகள் ஜெசிதாவுக்கு உடனே போன் எடுத்தார்.

“அம்மா படிக்கிறா, பிள்ளை! இன்னும் ஒரு மாதத்திலை கதைப்பா.”

ஒரு மாதம் போனது. மூன்று மாதம் போனது. முப்பது வருடப் பாட்டுகளும் இரண்டு தரம் முடிந்தன. மெட்டு முழுவதும் வந்தது, சொல் ஒன்றுகூட வரவில்லை. செபமாலை சொல்லும்போதும் அவள் மணியை உருட்டி ஒரே சீராக இழுப்பாள். “யேசு எண்டு மட்டும் சொல்லு மேர்சி. ஒரு சொல்லுத்தானே” என்று அவர் கெஞ்சுவார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கஜானி மாதத்துக்கு ஒருமுறை வந்து, தாளில் ஏதோ குறித்துவிட்டுப் போவாள். அவளும் பிறகு வேறு இடத்துக்கு மாற்றமாகிப் போய்விட்டாள்.

நாலாம் மாதத்தில்தான் அந்தப் புது மெட்டு வந்தது. பாட்டுத்தாள்களில் இல்லாதது. கோயிலிலும் றேடியோவிலும் சிமியோன் கேட்டறியாதது. மேலே போகப் பார்த்துப் போகாமல் திரும்பி, வேறொரு பக்கத்தால் போய், முடியாமல் நிற்கும். மேர்சி ஜன்னலடியில் இருந்து அதையே திரும்பத் திரும்ப இழுத்தாள்.

அவள் தன்னிடம் ஏதோ சொல்லுகிறாள் என்று சிமியோன் முடிவுகட்டினார். கொப்பியை எடுத்தார். அவள் இழுக்க இழுக்க அசை எண்ணி, கடலில் போகிறவர்களைக் காக்கும் மாதாவைப் பற்றி நாலு வரி எழுதி, ஒட்டாத இடத்தில் மெட்டை வளைத்துப் பாடினார். மேர்சி நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினாள். இல்லை.

அடுத்த கிழமை ஜெசிதாவைப் பற்றி எழுதினார். பிள்ளை தூர தேசத்தில், தாய் வாசலில் என்று. அதைப் பாடும்போது மகளுக்கு அனுப்ப போனில் பதிவும் செய்தார். மேர்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஜெசிதா அன்று பின்னேரமே போன் எடுத்தாள்.

“அப்பா, முழுக்க உங்கடை குரல்தான் கேக்குது. அம்மா எங்கை?”

“முன்னுக்குக் கிடக்கு, வடிவாக் கேள்.”

“கொஞ்சந்தான் கிடக்கு. அம்மா தன்ரை பாட்டிலை படிக்கட்டுமே. நீங்கள் ஏன் குறுக்கை போறியள்?”

“சொல்லில்லாமல் அது என்னத்துக்கு, பிள்ளை?”

மூன்றாவது தரம் அவர் எழுதியது மன்னிப்புக் கேட்டு. ஆயுள் முழுக்க உன் பாட்டைப் பாடினேன், உன் பெயரைச் சொல்லவில்லை என்று. எழுத எழுதத்தான் அது உண்மையென்று அவருக்கே உறைத்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் தேடிய சொல் இதுதான் என்று நம்பினார். அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்து பாடினார். இரண்டாம் வரியில் மேர்சி இடது கையை நீட்டி அவருடைய வாயைப் பொத்தினாள். கோபமில்லை. களைத்துப்போன கை. அவர் பேசாமலிருப்பார் என்று தெரியும் வரை அது அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது அவள் பாடுவதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலை பத்து மணியிருக்கும். கரையில் ஒரு படகுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த சிமியோன், பெயின்றில் கலக்கிற தின்னரை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தார். குசினிப் பக்கமாக வரும்போது அந்த மெட்டு கேட்டது. அவர் சுவரோடு நின்றுவிட்டார். உள்ளே போனால் அது நின்றுவிடும். கொப்பியும் கையில் இல்லை. முதன்முறையாக, அதற்கு என்ன சொல் வைப்பது என்று யோசிக்காமல் கேட்டார்.  கண்ணால் தண்ணீர் ஓடத் தொடங்கியது. எதற்கு அழுகிறோம் என்று சொல்ல அவரிடம் ஒரு சொல்லும் இல்லை. அவளுக்காகவா, தனக்காகவா, அதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணை, சுகமில்லையோ?” என்று கேட்டாள். உள்ளே சத்தம் நின்றது.

அதன் பிறகு அவர் கரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குசினிச் சுவருக்குப் பின்னால் போய் நிற்கத் தொடங்கினார். சில நாள் கேட்டது. பல நாள் கேட்கவில்லை. கேட்ட நாளில், இதைப் பிடித்து வைக்கவேண்டும் என்று தனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு கரைக்கு நடப்பார். சந்தி தாண்டுமுன் அது போய்விடும். போனில் பதிந்திருக்கலாம். சுவருக்குப் பின்னால் ஒளித்து நின்று மனைவியின் குரலைக் களவெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கதவைத் திறந்து உள்ளே போய், பேசாமல் பக்கத்தில் இருந்து பார்ப்போம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். தன்னைக் கண்டு அவள் நிறுத்திவிட்டால் என்ற பயத்தில் போகவில்லை.

ஆவணி மாதத்தில் மேர்சிக்குப் பக்கவாதம் இரண்டாம் தரமும் வந்தது. ஒன்பது நாள் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தாள்.

ஜெசிதா வந்தாள். அடக்கம் முடிந்த நாலாம் நாள் தாயின் குரல் கேட்கவேண்டுமென்று அழுதாள். இருந்தது அந்த ஒரேயொரு பதிவு. முதலில் ஐந்தாறு வினாடி மேர்சி. பிறகு முழுக்கச் சிமியோன், மெட்டைத் தன் சொல்லுக்கு ஏற்ப வளைத்து, பிள்ளை தூர தேசத்தில், தாய் வாசலில் என்று. பாட்டு முடியும் வரை ஜெசிதா தகப்பனைப் பார்க்கவில்லை.

கோயிலில் ஓகன் வாசிக்கிற றொகானை அவள்தான் கூட்டிவந்தாள். அவன் தன் சின்னக் கீபோட்டை மேசையில் வைத்தான்.

“பதிவிலை இவ்வளவு கிடக்குத்தானே, சிமியோன் அண்ணை. மிச்சத்தை நீங்கள் சொல்லச் சொல்ல நான் பிடிக்கிறன். இப்பிடிப் போகுமோ?”

“இல்லை.”

“இப்பிடி?”

“இல்லை. கீழை வரும்.”

“இது?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு மேர்சியைத் தேடினார். ஜன்னல் தெரிந்தது, அவளுடைய கை தெரிந்தது, வாய் மூடியிருந்தது. மெட்டு வரவில்லை. றொகான் வாசித்தவை ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. ஒரு மணித்தியாலம் போனபின் எது அவளுடையது, எது அவனுடையது என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஜெசிதா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. அடுத்த சனிக்கிழமை அவளுக்குப் பிளேன்.

“இதுவோ, அண்ணை?” என்று றொகான் இன்னொன்றை வாசித்தான். நல்ல மெட்டு. மேலே போய் அழகாக இறங்கி வந்து முடிந்தது.

மேர்சியுடையது முடியாது. அது ஒன்று மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

“ஓம்” என்றார் சிமியோன். “அதுதான்.”

ஜெசிதா அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

முப்பத்தோராம் நாள் பூசையில் றொகான் அதை ஓகனில் வாசித்தான். இது மேர்சி அம்மா பேச்சிழந்த காலத்தில் உருவாக்கிய மெட்டு என்று பங்குச் சுவாமி சொன்னார். பாட்டாய் யாரும் பாடவில்லை, வெறும் ஓகன்தான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வந்ததும் ஸ்ரெல்லா சிமியோனின் கையைப் பிடித்து, “மதிலுக்கு இஞ்சாலை எனக்குக் கேக்கிறதுதானே, அண்ணை. அவ படிச்ச மாதிரியே கிடக்கு” என்றாள். அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். அவள் அப்படி நம்பித்தான் சொன்னாள்.

திருநாளுக்கு அதற்குச் சொல் எழுதித் தரும்படி றொகான் கேட்டான். சிமியோன் ஏலாது என்றார். பாடகர் குழுவுக்குப் போவதையும் விட்டுவிட்டார். படகுகளுக்குப் பெயர் எழுதுகிறார். எழுதுமுன் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை. தாளில் எழுதிக் கொடுத்ததை அப்படியே எழுதிவிட்டு வருகிறார்.

குசினிச் சுவருக்குப் பின்னால் காலையில் இன்னும் போய் நிற்கிறார். அங்கே நின்றாவது ஞாபகம் வருமோ என்று பார்க்கிறார். வருவது றொகானுடைய மெட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெசிதா வீடியோவில் வருவாள். அவளுடைய சின்னவளுக்கு ஆறு வயது. தமிழ் கொஞ்சந்தான். போன கிழமை அவள் பியானோ படிக்கத் தொடங்கியிருக்கிறாள் என்று ஜெசிதா போனைத் திருப்பிக் காட்டினாள். பிள்ளை ஒரு விரலால் ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தேடி அடித்தாள். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மப்பா, அம்மம்மான்ரை பாட்டு. சரியோ?”

“ஓம், குஞ்சு,” என்றார் சிமியோன். “சரி.”