மூன்றாவது விசிறி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஸ்ரீதேவி பொய் சொல்கிறவள் இல்லை. அன்றைய பதிவு முழுவதையும் பிரிண்ட் எடுத்து இன்றும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள்.

பட்டப்பகலில் நடந்தது இது. போன சித்திரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் வீடு. சேலத்துக் கம்பெனி ஒன்றுக்காக, பல ஊர் சர்வர்களை வீட்டிலிருந்தே கண்காணிப்பது வேலை.

மதியம் 12:20. போனில் எச்சரிக்கை. சேந்தமங்கலத்துக் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தின் சர்வர் சூடாகிறது. லேப்டாப்பைத் திறந்து, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். சர்வரைக் குளிர்விக்கும் மூன்றாவது விசிறி: சுற்று பூஜ்யம். பிராசசர்: 84 டிகிரி. 95-ஐத் தொட்டால் சர்வர் தானாக அணைந்துவிடும். இன்குபேட்டர்களை இயக்குவதே அதுதான். உள்ளே நாற்பதாயிரம் முட்டைகள். மறுநாள் குஞ்சு வெளிவர வேண்டியவை.

வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள்.

"அப்புசாமிண்ணா, சர்வர் ரூமைத் திறங்க. சீக்கிரம்."

"சாவி தனபால் மேனேசர்கிட்டங்க. மேச்சேரியில கல்யாணத்துல இருக்காருங்க. வர ரெண்டு மணி நேரமாகுமுங்க."

12:35. 88 டிகிரி.

12:39. 91.

12:41. பதிவில் புதிதாக ஒரு வரி. 'மூடி திறக்கப்பட்டது.'

சர்வரின் மூடியை யாராவது கையால் கழற்றினால்தான் அந்த வரி வரும்.

"அண்ணா, உள்ள யாரு?"

"யாருமில்லீங்க. பூட்டு பூட்டுனபடி கெடக்குது. நான் முன்னாலயேதான் நிக்கறேன்."

12:43. 'மூன்றாவது விசிறி அகற்றப்பட்டது.'

போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கதவுக் கண்ணாடி வழியா பாருங்கண்ணா..."

செருப்புச் சத்தம். பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

"ஆளு இருக்குதுங்க..." அப்புசாமி கிசுகிசுத்தார். "முதுகு தெரியுது. குத்த வெச்சு உக்காந்திருக்காப்டி. தட்டுனேன்... திரும்ப மாட்டேங்கறாப்டி."

12:44. 'மூன்றாவது விசிறி பொருத்தப்பட்டது.'

12:46. 'மூடி மூடப்பட்டது.'

கட்டளையைத் தட்டினாள். 8400 சுற்று.

90... 86... 79...

"அண்ணா... இப்ப?"

"காணோமுங்க சாமி."

2:50-க்குத் தனபால் வந்து பூட்டைத் திறந்தார். உள்ளே யாருமில்லை. வெளியேற வேறு வாசலும் இல்லை. பழைய விசிறி தரையில் கிடந்தது. சர்வருக்குள் புத்தம் புது விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் குஞ்சுகள் குறைவில்லாமல் பொரிந்தன.

தனபால் அனுப்பிய போட்டோவில் விசிறியின் வரிசை எண் இருந்தது. ஸ்ரீதேவி கம்பெனியின் ஸ்டாக் பதிவில் தேடினாள். இரண்டு வருடம் முன்பு ரங்கன் என்ற டெக்னீசியனிடம் கொடுக்கப்பட்டது. அவள் வேலைக்குச் சேருமுன் இருந்தவர். இதே பொரிப்பகத்துக்கு அந்த விசிறியோடு பைக்கில் கிளம்பியவர், மல்லூர் அருகே விபத்தில் இறந்துபோனார்.

மனசு கேட்கவில்லை. ஆட்டையாம்பட்டியில் அவர் வீட்டைத் தேடிப் போனாள். ரங்கனின் அம்மா கந்தம்மாள் சுவரில் தொங்கிய பையைக் காட்டினார்.

"அவன் பைங்க சாமி. போலீசு குடுத்ததுல இருந்து ஒருத்தரும் தொடலீங்க."

பைக்குள் அட்டைப்பெட்டி. மேலே அதே எண். சீல் பிரிக்கப்படவே இல்லை. ஸ்ரீதேவிதான் பிளேடால் கிழித்தாள்.

உள்ளே விசிறி இல்லை.